துபாய் இரண்டரை மணி தூரம்

ஆவணி 22, புதன்

அவர் துபாய் போய்ச் சேர்ந்து போட்ட முதல் கடிதம் இன்று வந்தது. மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். காலை பத்து மணிக்கு மெட்ராஸில் விமானம் ஏறினாராம், பன்னிரண்டரைக்கு அங்கே இறங்கினாராம். மாமா விரல் மடக்கினார்.

"ரெண்டரை மணி நேரந்தானா? இங்கேருந்து மெட்ராஸுக்கே பஸ்ஸுல ஒன்பது மணி நேரம் ஆவுது. துபாய்தாம்மா நமக்குக் கிட்டக்க இருக்கு."

அங்கே கடிகாரம் ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடும், பறப்பது நாலு மணி நேரம் என்று அவர் என்னிடம் சொல்லியிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார். குத்தகை நிலத்தைத் திருப்பிக் கேட்டு மிராசுதார் வழக்குப் போட்டதிலிருந்து வீட்டைவிட்டு இறங்காத மனுஷர். சிரித்த முகமாகத் திரும்பி வந்தார்.

"தை அறுப்புக்கு ஒரு நடை வந்துட்டுப் போகச் சொல்லி எழுதும்மா. காலையில ஏறினா மத்தியானச் சோத்துக்கு வந்துடலாம்."

இரண்டு வருஷ ஒப்பந்தம். அது மாமாவுக்கும் தெரியும்.

"எழுதறேன் மாமா."

எழுதிவிட்டேன். யார் கேட்டாலும் இரண்டரை மணி நேரம் என்றே சொல்லுங்கள் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். மாமாவின் கணக்குதான் எனக்கும் பிடித்திருக்கிறது.