தளவாய் அதிகாரியான தை

தை 4, புதன்

வாடைக் காற்று. வீடெல்லாம் மணல்.

வண்டிகள் வந்து சேர்ந்தன. வாள், கேடயம், கூடார மூங்கில் எல்லாம் பத்திரம். ஊறுகாய் ஜாடி மட்டும் உடைந்தது. வேறென்ன உடையும்?

என் வீட்டுக்காரர் இனி தளவாய் இல்லை. பழவேற்காட்டு ஏரிக்கரைக்கு ராயரின் அதிகாரி. ஒல்லாந்தர் தங்கள் கோட்டையில் பீரங்கி முழக்கி மரியாதை செய்தார்கள். இவர் மீசையை முறுக்கிக்கொண்டே நின்றார். எனக்கும் பெருமைதான், மறைப்பானேன்.

ஆனால் ஒரு நிபந்தனை. மாதக் கடைசியில் ராயரின் ஆள் வந்து விசாரிப்பான். மீனவக் குப்பத்து ஜனங்கள் குறை சொன்னால் மறுபடி படை, கூடாரம். மூத்தவனைப் பெற்றது ஒரு முற்றுகை நடுவில். இளையவளைப் பெற்றது மாட்டு வண்டியில். போதும் சாமி. எனக்குச் சுவர் உள்ள வீடு வேண்டும்.

தை 9, திங்கள்

மேகமூட்டம்.

ஏரியில் எந்தக் குடும்பம் எங்கே வலை போடுவது என்று ஆண்டுதோறும் தையில் சீட்டுப் போட்டுப் பிரிப்பார்களாம். அவரவருக்கு விழும் இடத்துக்குப் பாடு என்று பெயர். மூத்தவனுக்கு அந்தப் பொறுமை ஏது? பழைய சிப்பாய்களோடு போய், இறால் கொட்டும் முகத்துவாரத்தை வளைத்துவிட்டான்.

"முகத்துவாரம் நம்ம கையில, நைனா!"

இவர் முதுகில் தட்டிக் கொடுக்கிறார். அட ராமா. சண்டை முடிந்துவிட்டது என்று இவர்களுக்கு யார் சொல்வது.

தை 11, புதன்

கோபத்தில் குப்பத்தார் ஒரு படகும் இறக்கவில்லை. சந்தையில் மீன் இல்லை. ஒல்லாந்தர் கோட்டைச் சமையல்காரன் நம் வாசலில் வெறும் கூடையைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுப் போனான்.

கொல்லைப்பக்கம் நண்டு விற்கும் கன்னியம்மா. அவளும் வெறுங்கை.

"இன்னாம்மா இது? ஏரி இன்னா கோட்டையா, ஏணி வச்சி ஏர்றதுக்கு? ராயரு ஆளு வரட்டும், சொல்றோம்னு ஆம்பளைங்க பேசிக்கினு கீறாங்கோ."

சாப்பாட்டு வேளையில் இவரைப் பிடித்துக்கொண்டேன்.

"புள்ளைய அங்கேருந்து வரச் சொல்லுங்க."

"தளவாய் பின்வாங்கினா ஊரே சிரிக்கும்டி."

"சிரிக்கட்டும். அழுதாத்தான் ராயர் காதுல விழும்."

பாதிச் சோற்றில் எழுந்து போனார். பிடிவாதம், பிடிவாதம்.

தை 13, வெள்ளி

நல்ல வெயில். சீட்டுப் போடும் நாள்.

குதிரை இல்லை, முரசு இல்லை. நடந்தே போனார். முகத்துவாரத்தை விட்டாயிற்று என்றார். அதோடு நிற்கவில்லை. "எங்க வூட்டுப் பேரையும் சீட்டுப் பானையில போடுங்க." இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை!

எங்களுக்கு விழுந்தது தென்கோடிச் சேறு. வலையில் ஒரு இறால்கூடச் சிக்காத இடம். குப்பத்துத் தலைவர் மெல்ல, "வேற சீட்டு எடுத்துக்கலாம், ஐயா."

"வேணாம். வுழுந்தது வுழுந்ததுதான்."

அவரேதான் முதலில் சிரித்தார். பிறகு கரை முழுக்கச் சிரிப்பு. கன்னியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே விட்டாள்.

தை 20, வெள்ளி

அப்பனும் பிள்ளையும் தினமும் முழங்கால் சேற்றில். தடவித் தடவி இறால் பிடிக்கக் கன்னியம்மா காட்டித் தருகிறாள். எத்தனையோ கோட்டையைப் பிடித்த கை. நேற்று அந்தக் கையை ஒரு நண்டு பிடித்தது. மஞ்சள் அரைத்துப் போட்டேன். துணி துவைத்து மாளவில்லை.

தை 28, சனி

காற்று அடங்கிவிட்டது.

ராயரின் ஆள் வந்தான். குப்பத்தாரை எங்கள் வாசலிலேயே கூட்டிக் குறை கேட்டான். கதவுக்குப் பின்னால் நான், நகத்தைக் கடித்துக்கொண்டு.

தலைவர் சொன்னார்: "கொறையா? அவரு எங்க ஏரில பாடு வச்சிகீற ஆளு. அவர இட்டுக்கினு போனீங்கன்னா, அப்ப சொல்றோம் கொறை!"

இவருடைய பதவி உத்தரவு நிலையாகிவிட்டது. வீடு எங்களுக்கு. ஜெயித்தோம், ஜெயித்தோம்! அவருக்கு இன்னும் தெரியாது, சேற்றில் நிற்கிறார். யாரையாவது அனுப்பலாம். வேண்டாம், நானே ஓடுகிறேன். சேலை நாசமானால் ஆகட்டும்.