நம் கொலைகாரனைப் பற்றி ஒரு பேரம்

என்னோடு எவ்வளவு சண்டை போட்டும் ஒரு நாள்கூடக் குரலை உயர்த்தாத சிவநேசன் அண்ணே,

நீங்கள் இறந்துவிட்டீர்கள். நாம் சேர்ந்து எழுதிய துப்பறியும் நாவல் கடைசி அத்தியாயம் இல்லாமல் நிற்கிறது. கொலைகாரன் யார் என்பது நமக்குள் முடிவாகவே இல்லை. நடந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் என் எரிச்சல்.

அச்சகக்காரர் நேற்றும் போன் செய்தார். "முத்தையா அண்ணே, கொலைகாரன் இல்லாம துப்பறியும் கதைய எப்படிண்ணே அச்சடிக்கிறது? யாராவது ஒருத்தன போட்டு முடிச்சிருங்கலா!" யாராவது ஒருத்தனாம்! என் கடைக்கு வருகிற மோட்டார் சைக்கிளுக்கு ஏதாவது ஒரு செயினை மாட்டி அனுப்ப முடியுமா?

நீங்கள் யாழ்ப்பாணக் குடும்பம், நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். நான் பைராம் தோட்டத்துத் தொழிலாளி வீட்டில் பிறந்து, ஜெலுத்தோங்கில் பழைய உதிரிப் பாகம் விற்று ஆளானவன். நாம் இருவரும் சனிக்கிழமைதோறும் ஒரே காப்பிக்கடை மேசையில் உட்கார்ந்ததே அதிசயம். அந்த அதிசயத்தையே கதையாக்கலாம் என்றீர்கள். ஒவ்வொருவர் பேச்சையும் கடைசிவரை கேட்கிற அம்பலவாணர். வாயைத் திறக்கும் முன்பே எவனையும் நம்பாத இரும்புக்கடை வீரய்யா. நம் கதையின் இரண்டு துப்பறிவாளர்கள். நம்மில் யார் அம்பலவாணர், யார் வீரய்யா என்று ஜெலுத்தோங்கில் எல்லோருக்கும் தெரியும்.

தைப்பூசத்தன்று மத்தியானம் ஒரு ஜவுளி வியாபாரி தன் கிடங்கின் மாடிப்படியிலிருந்து தள்ளிவிடப்பட்டுச் செத்துக் கிடக்கிறார். சந்தேகம் இரண்டு பேர்மேல்: அவருடைய பங்குதாரன், அவருடைய தம்பி. பங்குதாரன்தான் என்றேன் நான். என் முதல் பங்குதாரன் சரக்கோடு ஓடிப்போனதை நான் மறக்கவில்லை. நீங்கள் காப்பியை ஆற்றிக்கொண்டே, "தம்பி, உங்கட கோபம் சாட்சி ஆகாது" என்றீர்கள். செத்தவரின் தம்பிக்காரன்தான் கொலைகாரன் என்று அதோடு நின்றுவிட்டீர்கள்.

சரி, பேசிச் சரிக்கட்டிவிடலாம் என்று நினைத்தேன். மீன்காரி சொன்ன விலையைச் சொன்னபடியே கொடுத்துவிட்டு வருகிற மனிதர் நீங்கள். உங்களிடம் பேரத்தில் தோற்பேனா?

"அண்ணே, இந்தப் பங்குதாரன் சாமிய கிண்டல் பண்றவனா இருக்கணும்."

"சரி."

"தைப்பூசத்தன்னைக்கே நாசி கண்டார் சோத்துக்கடையில ஆட்டுக்கறி சாப்பிடணும். படிக்கிறவனுக்கு வயிறு எரியணும்லா!"

"நல்லாச் சாப்பிடட்டும்."

"தம்பிக்காரன் தங்கமான பையன். மொட்டை போட்டு, பால்குடம் தூக்கி, தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நடந்தே போறான்."

"போகட்டும், போகட்டும்."

ஒவ்வொரு வாரமும் ஜெயித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அப்படித்தான் நினைத்தேன்.

இப்போது எழுத உட்கார்ந்தால் கதவெல்லாம் அடைத்துக் கிடக்கிறது. காலையிலிருந்து கிடங்கை விட்டு வெளியே வராத அந்த ஜவுளி வியாபாரியின் சட்டைத் தோளில் சந்தனக் கறை என்று நடுவில் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறீர்கள். அன்றைக்கு யார் தலையில் ஈரச் சந்தனம் இருக்கும்? மொட்டை போட்டவன் தலையில்; மல்லுக்கட்டித் தள்ளும்போது தோளில் ஒட்டியிருக்கும். என் பங்குதாரனுக்கோ சாயம் பூசிய சுருட்டை முடி. கொலை நடந்த நேரத்தில் அவன் கடை நிறைந்த கூட்டத்துக்கு நடுவே ஆட்டுக்கறியைப் பிசைந்துகொண்டிருக்கிறான். அவனைக் கெட்டவனாக்க நான் கேட்டு வாங்கியதெல்லாம் அவனுக்கே சாட்சியாகிவிட்டது. தம்பியை நல்லவனாக்க நான் போட்ட மொட்டையே அவனைப் பிடித்துக் கொடுக்கிறது!

ஆத்திரம் தாங்காமல் உங்கள் மனைவி மகேஸ்வரி அக்காவிடம் போய்க் கேட்டேன். "அக்கா, இவரு தெரிஞ்சே செஞ்சாரா?"

அக்கா சிரிக்கத் தொடங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒவ்வொரு கிழமையும் வீட்ட வந்து சிரிக்கிறவர். முத்து இண்டைக்கும் தன்ர ஆளைத் தானே காப்பாத்திப் போட்டான் எண்டு சொல்லுவார். நீங்கள் எப்ப கண்டுபிடிப்பீங்கள் எண்டு பார்த்துக்கொண்டே இருந்தவர்."

கண்டுபிடித்துவிட்டேன் அண்ணே. சொல்லிக்காட்ட நீங்கள்தான் இல்லை. ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா? எத்தனை பேரிடம் ஏமாறாமல் தப்பியவன் நான். பேரமே தெரியாத மனிதர் என்னை இப்படி மடக்கலாமா?

இன்னொன்றும் இருக்கிறது, அதை நினைத்தால்தான் கை ஓடவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு, "முடிவில அம்பலவாணர் செத்துப்போகட்டும் தம்பி. சண்டை பிடிக்க ஆளில்லாமல் வீரய்யா கொஞ்சம் கஷ்டப்படட்டும்" என்றீர்கள். விளையாட்டுப் பேச்சென்று நானும் சிரித்து வைத்தேன். கஷ்டப்படுகிறேன். போதுமா?

அந்தக் காப்பிக்கடையில் இப்போதும் சனிக்கிழமை உட்காருகிறேன். எதிர் நாற்காலியில் யாரோ ஒரு வாலிபன் போனை நோண்டிக்கொண்டிருக்கிறான். நான் என்ன சொன்னாலும் "ஆமாண்ணே" என்கிறான். அதில் என்ன ருசி இருக்கிறது?

வருகிற தைப்பூசத்துக்கு முன்னால் அத்தியாயத்தை முடித்து அக்கா கையில் கொடுப்பேன். இது சத்தியம். ஆனால் சும்மா தோற்றுவிட்டுப் போகிற பழக்கம் எனக்கில்லை. என் நிபந்தனையைக் கேளுங்கள். தம்பிக்காரனே கொலைகாரன், சந்தனக் கறை அப்படியே இருக்கும். என் பங்குதாரனை விட்டுவிடுகிறேன், பிழைத்துப் போகட்டும். பதிலுக்கு, கடைசிப் பக்கத்தில் அம்பலவாணர் சாகமாட்டார். வீரய்யாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, மெதுவாகப் போகச் சொல்லி வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு வருவார்.

நீங்கள்தான் பேரம் பேசாதவராயிற்றே. அதனால் முடிந்தது: கொலைகாரன் உங்களுக்கு, அம்பலவாணர் எனக்கு.

உங்களிடம் தோற்ற தம்பி,
முத்தையா
ஜெலுத்தோங்