விளக்கு அணைந்த பிறகு கழற்றவும்

நாள் 243 – 06.40

இதை எந்தக் கணினியில் திறந்து படிக்கிறீர்கள்? எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. அதனால் வெறும் எழுத்தாக மட்டும் சேமிக்கிறேன். வெறும் எழுத்தை எந்த இயங்குதளமும் படித்துவிடும் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்பது நான் அதிகம் பயன்படுத்தும் சொல் அல்ல.

வழக்கமான விவரங்கள். நிலவின் தென்முனை, பனி ஆய்வு நிலையம். ஆட்கள் இருவர்: வேதியியலாளர் சௌந்தரவல்லி (நான்), பொறியாளர் பிரிட்டோ. முந்தாநாள் வீசிய சூரியப் புயலில் நிலையத்தின் சேமிப்பகமும் ஆன்டெனாவும் எரிந்துபோயின. வானொலியில் குரல் மட்டும் போய் வருகிறது.

பிரிட்டோ இரண்டு கிலோமீட்டர் தள்ளி, நாங்கள் திரும்பிப் போக வேண்டிய ஏறுகலத்தில் இருக்கிறார். சரிபார்க்கப் போன இடத்தில் ஏணி சரிந்து கால் முறிந்துவிட்டது. கலத்தின் வழிகாட்டி ஃபைலையும் புயல் அழித்துவிட்டது. அது இல்லாமல் கலம் எழும்பாது. அதன் நகல் என்னிடமுள்ள ஒரே ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. எங்களைப் பூமிக்குக் கொண்டுபோகும் தாய்க்கலம் நாளை காலை 9.40க்குத் தலைக்கு மேலே வரும். அதற்குள் ஃபைல் அங்கே போக வேண்டும், நானும்.

டிஸ்கைச் சரக்கு வண்டியில் வைத்து அனுப்பிவிட்டேன். வண்டி தானே ஓடும், ஆளைச் சுமக்காது.

நாள் 243 – 08.25

ஏறுகலம் வேறொரு நாட்டில் கட்டியது. அதன் இயங்குதளமும் வேறு.

பிரிட்டோ: "டாக்டரம்மா, இது டிஸ்கையே யாருன்னு தெரியலங்குது. ஃபார்மேட் பண்ணட்டுமான்னு கேக்குது. அமுக்கவா?"

நான்: "அமுக்காதீங்க. கையை எடுங்க."

பிரிட்டோ: "எடுத்துட்டேன், எடுத்துட்டேன். அந்தப் பொத்தானப் பாத்தாலே கை துறுதுறுங்குது."

எங்கள் கணினி எழுதும் முறையில் ஃபார்மேட் செய்த டிஸ்க் அது. அந்தக் கணினிக்கு அது வெறும் குப்பை. திருப்பி அனுப்பச் சொன்னேன்.

நாள் 243 – 11.10

இரண்டு கணினிக்கும் பொதுவான முறையில் டிஸ்கை மறுபடி ஃபார்மேட் செய்ய வேண்டும். செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும். புயலுக்குப் பிறகு நிலையக் கணினியில் மிஞ்சியிருக்கும் இடத்தில் வழிகாட்டி ஃபைலை மட்டும்தான் எடுத்து வைக்க முடிந்தது. எட்டு மாதப் பனி அளவைகளை வைக்க இடம் இல்லை. எங்காவது ஒதுக்க முடியுமா என்று தேடினேன். இல்லை.

'ஆம்' அமுக்கினேன்.

பழைய பொது முறை ஃபைலை ஏற்கவில்லை, நான்கு ஜி.பி.க்கு மேல் ஒரே ஃபைலாக வைக்க அதற்குத் தெரியாது. இது பதினொரு ஜி.பி. புதிய பொது முறையில் மறுபடி ஃபார்மேட் செய்தேன். அதில் இடம் போதும். ஒரு குறை உண்டு: எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் அதற்குத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரியாது.

இதற்காகவே பிரிட்டோ ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். டிஸ்கை யார் கழற்றினாலும் மற்றவர் "விளக்கு அணஞ்சிட்டா?" என்று கேட்க வேண்டும். டிஸ்கின் சின்ன விளக்கைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்ல வேண்டும். எனக்கு அது கோயில் மணி அடிப்பதைப் போலத்தான் பட்டது. எட்டு மாதமாக நானும் பதில் சொல்லி வருகிறேன்.

நாள் 243 – 14.30

புயலில் அடிபட்ட டிஸ்க், மெதுவாக எழுதுகிறது. மூன்று மணி நேரம் ஆனது. 'முடிந்தது' என்று திரை சொன்னது.

பிரிட்டோ: "விளக்கு அணஞ்சிட்டா?"

நான்: "அணைஞ்சிடுச்சு."

கழற்றி அனுப்பினேன்.

நாள் 243 – 16.05

பிரிட்டோ: "ஃபைலு முழுசா இல்ல. கடைசிப் பகுதி உடைஞ்சிருக்கு. டாக்டரம்மா, நெசமா விளக்கப் பாத்தீயளா?"

பார்க்கவில்லை. அவர் கேட்டார், வாய் பதில் சொல்லிவிட்டது. பதிவுக்காக எழுதுகிறேன்.

பிரிட்டோ: "சரி விடுங்க. திருப்பி அனுப்புதேன். இன்னொருக்க ஏத்துங்க."

திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

நிலையத்து மின்கலத்தில் மிச்சம் இருப்பது ஒரு வேலைக்குத்தான் போதும். ஒன்று, கணினியை இன்னும் மூன்று மணி நேரம் ஓட்டலாம். அல்லது என் உடையின் காற்றுக் குடுவையை நிரப்பலாம். குடுவையில் இருப்பது முப்பது நிமிடக் காற்று. நடக்க ஐம்பது நிமிடம் ஆகும்.

கணினியை ஓட்டுகிறேன். பிரிட்டோவிடம் சொல்லவில்லை.

நாள் 243 – 21.30

சூடேற்றியை அணைத்துவிட்டேன். விரல் சரியாக மடங்கவில்லை. பிழை இருந்தால் மன்னிக்கவும்.

'முடிந்தது' என்று திரை சொன்ன பிறகும் விளக்கு எரிந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். பதினோரு நிமிடம் எரிந்தது. மதியம் நான் பொறுக்காமல் விட்டது இந்தப் பதினோரு நிமிடத்தைத்தான்.

அணைந்தது. அனுப்பினேன்.

பிரிட்டோ: "முழுசா இருக்கு. பச்சை காட்டுது. கலத்துல ஏத்திட்டேன். காலைல எட்டரைக்குக் கெளம்பி வந்துருங்க. டீ போட்டு வைக்கேன், பால்தான் கெடையாது."

வருகிறேன் என்றேன். குறிப்பு எழுத வேண்டும், டிஸ்கைத் திருப்பி அனுப்புங்கள் என்றும் சொன்னேன். குறிப்புக்கா என்று திருப்பிக் கேட்டார். பிறகு "காலைல அனுப்புதேன்" என்றார்.

நாளை நடக்கப்போவது: நான் கிளம்பிவிட்டதாகச் சொல்வேன். 9.35க்கு, வர இயலவில்லை, நிற்காமல் எழும்புங்கள் என்பேன். யோசிக்க அவருக்கு ஐந்து நிமிடம்தான் இருக்கும். டிஸ்க் இங்கே வந்திருக்கும். இந்தக் குறிப்பை அதில் ஏற்றி மேசைமேல் வைத்துவிடுவேன். பாதுகாப்பாகக் கழற்றி.

நிலையத்தில் காற்று நாளை மதியம்வரைதான்.

நாள் 244 – 11.21

இது வேறு கணினி. ஏறுகலத்துடையது. நேற்றைய குறிப்பு இதில் திறக்கிறது. தமிழ் விசைகள் இல்லை, ஒவ்வொரு எழுத்தாகத் திரையில் தொட்டு எழுதுகிறேன். சுருக்கமாக எழுதுவேன்.

உண்மையில் நடந்தது இது.

8.30.

பிரிட்டோ: "கெளம்பிட்டீயளா?"

நான்: "கிளம்பிட்டேன்."

பிரிட்டோ: "விளக்கு அணஞ்ச மாதிரியா? நீங்க பாக்குறதுக்கு முன்னால பதில் சொல்லுத ஆளுலா. கெளம்புற ஆளுக்கு டிஸ்க் அங்க எதுக்கு? மின்கலத்துல எவ்ளோ மிச்சம்னு எனக்கும் தெரியும்லா. வண்டி வாசலுக்கு வந்துக்கிட்டிருக்கு. கதவத் தெறங்க."

9.20க்கு வண்டி வந்தது. டிஸ்கும், கலத்தின் அவசரக் காற்றுக் குடுவையும் இருந்தன.

திட்டினேன். நீங்கள் மட்டுமாவது போங்கள் என்றேன். வானொலியை அணைத்துவிட்டார். தாய்க்கலம் அழைத்தும் அவர் எடுக்கவில்லை. 9.40 கடந்துவிட்டது.

தாய்க்கலம்: "அடுத்த சுற்று 11.38. அதோட நாங்க கிளம்பிடுவோம். அதுக்கப்புறம் காத்திருக்க முடியாது."

மின்கலத்தின் கடைசித் துளியில் குறிப்பை டிஸ்கில் ஏற்றினேன். விளக்கு அணைந்த பிறகே கழற்றினேன். வண்டி பின்னால் வர, நடந்தேன். இரண்டு முறை விழுந்தேன். 11.05க்கு உள்ளே வந்தேன். டீ இருந்தது. ஆறிப்போயிருந்தது.

அவசரக் குடுவையை நான் காலி செய்துவிட்டேன். கலத்தில் இருக்கும் காற்று, தாய்க்கலத்தைத் தொடும்வரை இருவருக்குப் போதாது. கணக்கை மூன்று முறை போட்டேன். நாலாவது முறை போட வேண்டாம் என்கிறார் பிரிட்டோ.

போய்ச் சேர்ந்தால் இந்தக் குறிப்பு தேவைப்படாது. சேராவிட்டால் யாருக்காவது தெரிய வேண்டும். பனி மாதிரிகளை அனுப்பும் சிறுகதவு வழியாக டிஸ்கை வெளியே நிற்கும் வண்டியின் பெட்டியில் வைத்துவிட்டு எழும்புகிறோம். எந்தக் கணினியிலும் திறக்கும். இரண்டில் பார்த்துவிட்டேன்.

11.33. நான் எழுதுவதால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. பிரிட்டோவின் கை சிறுகதவின் பிடியில் இருக்கிறது.

"டாக்டரம்மா, விளக்கு அணஞ்சிட்டா?"

பார்த்தேன். இன்னும் இல்லை என்றேன்.

நான் நிறுத்தினால்தான் அணையும். நிறுத்துகி