பத்தில் மூன்றே கால்

மார்ச் 4
இன்டர்நெட்டில் நான் விற்கும் குறுக்கெழுத்துப் புதிர் ஒன்றின் விலை பத்து ரூபாய். நேற்று நாற்பது விற்றேன். கைக்கு வந்தது இருநூற்றெழுபது. மீதியை எலியா தின்றது?

மார்ச் 5
கார்டுப் பணத்தை வசூலித்துத் தரும் கம்பெனிக்கு போன் போட்டேன். எடுத்த பெண் பொறுமைசாலி. "ஒவ்வொரு தடவையும் மூணு போகும் மேடம். அதுக்கு மேல நூத்துக்கு ரெண்டரை. பத்தா இருந்தாலும் பத்தாயிரமா இருந்தாலும், கார்டு செல்லுமான்னு கேட்கிற வேலை ஒண்ணுதானே?"

யார் யாருக்குப் போகிறதாம்? கார்டு கொடுத்த பேங்க், கார்டு கம்பெனி, இவர்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்! கோபம்தான் வந்திருக்க வேண்டும். எனக்கோ ஒரே ஆச்சரியம். கண்மூடித் திறப்பதற்குள் என் பத்து எத்தனை வாசல் ஏறி இறங்குகிறது!

மார்ச் 9
"ஜூனுக்குள்ள வாடகையில பாதியாவது வரணும். இல்லைன்னா பழைய ஆபீசுக்கே போயிடு," என்றார் இவர். நியாயம்தான். ஆனால் அந்த ஆபீஸ்? ஐயோ, வேண்டாம்.

முப்பது புதிரைத் தனித்தனியாக விற்றால் தொண்ணூற்றேழரை போகிறது. மாதத்துக்கு மொத்தமாக முந்நூறு வாங்கினால் பத்தரைதான். ஏப்ரலிலிருந்து தனிப் புதிர் கிடையாது.

ஏப்ரல் 1
முணுமுணுத்துக்கொண்டே எல்லோரும் மாதக் கணக்குக்கு மாறினார்கள். தினமும் விடிந்ததும் முதல் ஆளாக வாங்கும் 'காலைக்காரர்' மட்டும் மாறவில்லை. ராசியான கை. அவருக்கு மாதம் முழுக்க இலவசம் என்று எழுதினேன். என் தாராளத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஏப்ரல் 2
காலையில் போன். "நீங்கதானே புதிர் விக்கிறவங்க? எங்கப்பா நேத்தும் வாங்கல, இன்னிக்கும் வாங்கல. போனும் எடுக்கல!" காலைக்காரரின் மகள், வேறு ஊரில் இருக்கிறாள். கார்டு அவளுடையது. அவர் வாங்கினால் அவள் போனுக்கு மெசேஜ் போகும். பத்து என்று வந்தால் அப்பா எழுந்துவிட்டார் என்று அர்த்தமாம்.

நான்தான்... நான்தான் அந்த மெசேஜை நிறுத்தினேன். இலவசம் என்றால் கார்டு எதற்கு?

அவள் சொல்லி, அப்பாவின் பக்கத்து வீட்டுக்காரர் போய்க் கதவைத் தட்டியிருக்கிறார். மனிதர் குளித்துக்கொண்டிருந்தாராம். மறுபடி போன் செய்த மகள் சிரித்தாள், அழுதாள், என்னையும் திட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 3
அவருக்கு மட்டும் பழையபடி தினம் பத்து ரூபாய்க்குத் தனிப் புதிரைத் திறந்துவிட்டேன். உடனே பதில் எழுதினார்: "நன்றி அம்மா. மெசேஜ் போவது எனக்குத் தெரியும் என்று மகளிடம் சொல்லிவிடாதீர்கள். வேவு பார்க்கிறோமே என்று சங்கடப்படுவாள். குறுக்கெழுத்து எனக்குச் சுத்தமாக வராது."

ஜூன் 30
பாதி வாடகை தேறிவிட்டது. ஆபீஸ் பேச்சை இவர் எடுக்கவே இல்லை.

இப்போதெல்லாம் காலையில் அந்தப் பத்து வந்த பிறகுதான் எனக்கு மற்ற வேலை ஓடுகிறது. இன்றும் வந்தது. மூன்றே கால் போனது. இந்தச் சுமைக்கு அந்தக் கூலி அதிகமில்லை.