ஊசி என் சட்டைப்பையில்

தையல்கார அம்மாவுக்கு,

மிஷினில் ஊசியைத் தேடாதே, என் சட்டைப்பையில் இருக்கிறது. படியேறினாலே உனக்குத் தாடை வலிக்கிறது, மூச்சு வாங்குகிறது. கேட்டால் "வெறும் வாயுதாங்க" என்கிறாய். நான் தும்மினாலே டாக்டரிடம் இழுத்துப்போகிற மகராசி! பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலியோடுதான் வரும் என்றில்லையாம். காலையில் உன் தங்கை வருவாள், இதய டாக்டரிடம் போய்வா. அப்புறம் ஊசி தருகிறேன். பிளாஸ்க்கில் காப்பி, ராத்திரி டாக்டர் பேச்சை எடுத்ததும் உனக்கு வந்த கோபம் மாதிரியே சூடாக இருக்கிறது.

முதல் பஸ்ஸை எடுக்கக் கிளம்பிவிட்ட
உன் டிரைவர்

பி.கு.: அதற்குள் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வலித்தாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, தங்கைக்காகக் காத்திராமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடு. வீட்டைப் பெருக்கிவிட்டுக் கூப்பிடலாம் என்று விளக்குமாற்றைத் தொடாதே. வருகிறவர்கள் நம் குப்பையைப் பார்த்துவிட்டுப் போகட்டும். நீயில்லாத சுத்தமான வீட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?