ஷூவில் இரண்டு ஓட்டை

செப்டம்பர் 9

மழை பெய்து நாற்பது நாள் ஆகிறது. மரக்கிடங்கில் எந்தப் பலகையில் ஈரம் பார்க்கிற மீட்டரின் ஊசியைக் குத்தினாலும் பன்னிரண்டு சதவீதத்துக்கு மேல் ஏறவில்லை. மேஸ்திரிக்கு ஒரே குஷி. "மீட்டரம்மா, இந்த வருஷம் நீங்க குத்தவே வேணாம், கையெழுத்து மட்டும் போடுங்க" என்றார். குத்திப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிற ஆளா நான்? விற்கிறவன் காய்ந்தது என்பான், வாங்குகிறவன் ஈரம் என்பான். இரண்டு ஊசியை இறக்கி எண்ணைச் சொல்ல வேண்டியது என் வேலை. பத்தொன்பது வருடமாக அதைத்தான் செய்கிறேன்.

என் வீட்டுக்காரர் ஐந்தே முக்காலுக்கு வந்தார். அச்சகத்தில் அவருடைய பைண்டிங் பிரிவை நாலரைக்கு மூடிவிடுவார்கள். நடந்தால் இருபது நிமிடம். ஏன் என்று கேட்டேன். "வேலை இருந்துச்சு."

செப்டம்பர் 12

ஐந்து ஐம்பது. "நடந்து வந்தேன்" என்கிறார். தினமும் பறந்தா வருகிறார்?

செப்டம்பர் 17

இன்னும் வெயில். கதவுச் சட்டங்கள் சுருங்கி, சாத்தினால் லொடலொட என்கின்றன.

அக்காவிடம் போனில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. "அடியே, எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் ஆரம்பிச்சார். முதல்ல ஒரு மணி நேரம், அப்புறம் ரெண்டு. கடைசியில ஒரு பையைத் தூக்கிட்டுப் போனவர்தான். கண்ணைத் திறந்து வச்சுக்கோ" என்றாள். இருபத்திரண்டு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்த மனிதர். நாளைக்கு அவரும் ஒரு பையோடு போய்விட்டால்? நான் என்ன செய்வேன்?

சட்டைப் பையைப் பார்த்தேன். ஒரு பென்சில் துண்டு. சட்டையை மோந்தேன். வெறும் பசை நாற்றம். ஷூவில் தூசி. இந்த வெயிலில் ஊர் முழுக்க எல்லோர் ஷூவிலும் அதே தூசிதான். எங்கே போனார் என்று அதில் எப்படிக் கண்டுபிடிப்பது?

செப்டம்பர் 26

மேற்கே மேகம். காலையில் வாசலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "மழை வந்திடுமோ?" என்று என்னையே கேட்டார். குரலில் கவலை. நாள் பூராவும் கூரைக்கடியில் புத்தகம் தைக்கிறவருக்கு மழையைப் பற்றி என்ன கவலை?

மேகத்தைப் பார்த்துக் கவலைப்பட வேண்டியவள் நான். கிடங்கில் பாதிப் பலகை வெட்டவெளியில் கிடக்கிறது.

அக்டோபர் 3

வந்துவிட்டது. மூன்று மணிக்கு ஒரு குளிர்ந்த காற்று, அடுத்த நிமிடம் கொட்டு கொட்டென்று கொட்டியது. தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஆளாளுக்கு ஓடினோம். மேஸ்திரி வழுக்கி விழுந்து, விழுந்த இடத்திலிருந்தே எங்களைத் திட்டினார்.

அவர் ஆறு மணிக்கு வீட்டுக்குத் தொப்பலாக வந்தார். தலையைத் துவட்டும்போது ஒரே தும்மல். அச்சகத்திலேயே நிற்க வேண்டியதுதானே என்றேன்.

அக்டோபர் 8

இதை நன்றாக எழுதி வைக்கிறேன். நாலே காலுக்குத் தொடங்கிய மழை ஐந்தரைக்குத்தான் விட்டது. குடை வீட்டில் மாட்டியபடி இருக்கிறது. அவர் ஐந்து ஐம்பதுக்கு வருகிறார். சட்டையில் ஒரு சொட்டு ஈரமில்லை!

"அச்சகத்துல இருந்தீங்களா?"

"இல்ல."

"பின்ன?"

"மழைக்கு ஒதுங்கினேன்."

எந்தக் கூரைக்குக் கீழே? யார் வீட்டுக் கூரை?

அக்டோபர் 9

செய்யக் கூடாததைச் செய்தேன். அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, பையிலிருந்த மீட்டரை எடுத்து அவர் ஷூவின் அடித்தோலில் குத்தினேன். பதினான்கு. அது மரத்துக்கான மீட்டர், தோலுக்குச் சரியாகக் காட்டாது என்று எனக்கே தெரியும். ஆனாலும் நாளைய எண்ணை இன்றைய எண்ணோடு வைத்துப் பார்க்கலாமே. மழையில் எவ்வளவு தூரம் நடந்தார் என்று ஒரு குத்துமதிப்பாவது கிடைக்கும்.

அக்டோபர் 10

பதிமூன்று. ஐந்தரை வரை மழை. அதுவரை எங்கோ கூரைக்குள் இருந்திருக்கிறார்.

அக்டோபர் 13

இருபத்தொன்று. இன்று மழை தூறல்தான். அப்படியானால் தேங்கிய தண்ணீரில் நடந்திருக்கிறார். ஏரிக்கரைச் சாலையில்தான் தண்ணீர் தேங்கும். அச்சகத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் ஏரி எங்கே வந்தது?

அக்டோபர் 17

ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றார். "உள்ள தண்ணி ஏறுது" என்றார். பிறகு திருப்பிப் பார்த்தார். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை. அதையடுத்து இன்னும் இரண்டு. மொத்தம் ஆறு ஜோடி. பைண்டருக்கு ஊசி குத்திய ஓட்டை தெரியாதா? என் பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"மரத்துக்குப் பாக்கறதை எனக்கும் பாக்க ஆரம்பிச்சிட்டியா?"

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். மெதுவாகக் கேட்டார். நான் கூனிக் குறுகிப்போனேன். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். என் வாய் சும்மா இருக்குமா? "அப்போ எங்க போறீங்கன்னு சொல்லுங்க" என்றுதான் வந்தது. சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

அக்டோபர் 21

அரை நாள் லீவு போட்டு அச்சகத்துக்கு எதிரே குடைக்குள் நின்றேன். குளிரில் விரல் விறைத்தது. நாலு முப்பத்தைந்துக்கு வெளியே வந்தார். ஏரிக்கரைச் சாலை. நான் நினைத்தது சரி! ஒரு தையல் கடை. பக்கத்துப் படியேறி மாடிக்குப் போனார். சாவி அவர் கையிலேயே இருந்தது.

கடையில் தையல்காரி. என்னைவிடப் பத்து வயது சின்னவள், பளிச்சென்று சிரிப்பு. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். "மாடியில இருக்கறவர்..." என்று இழுத்தேன். "சாருங்களா? போங்க, தனியாத்தான் இருப்பார். எப்பவும் தனியாத்தான்" என்றாள்.

கதவைத் தள்ளினேன். ஒரு ஜன்னல், ஒரு நாற்காலி. அதில் அவர். கையில் பேப்பர்கூட இல்லை. கட்டில் இல்லை, பாய் இல்லை, டம்ளர் இல்லை. இன்னொரு நாற்காலி இல்லை. வேறு பெண் இல்லை என்று அந்த ஒற்றை நாற்காலியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எனக்கும் அங்கே இடமில்லை என்பது படி இறங்கும்போதுதான் உறைத்தது.

"வெயில் இருந்தவரைக்கும் ஏரிக்கரை பெஞ்சுல உக்காந்திருப்பேன். மழை வந்திடுச்சு. கூரை வேணும்ல?"

"எதுக்கு?"

"யாரும் ஒண்ணும் கேக்காம ஒரு மணி நேரம் இருக்க."

அக்டோபர் 22

அவ்வளவு கொடுமைக்காரியா நான்? என்ன கேட்டுட்டேன் அப்படி? ஏன் லேட்டு, யாரோட பேசினீங்க, டிபன் பாக்ஸ்ல பாதி ஏன் மிச்சம், ஏன் உம்முனு இருக்கீங்க, உம்முனு இல்லைன்னா ஏன் பதில் வரல — இதெல்லாம் ஒரு பெண்டாட்டி கேட்கக் கூடாதா?

எழுதிய பிறகு ஒரு முறை படித்துப் பார்த்தேன். எனக்கே மூச்சு முட்டியது.

அக்டோபர் 25

போர்வையும் கெட்டிலும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். பையில்தான். "கொஞ்ச நாள்" என்றார். அக்கா போன் செய்தாள். எடுக்கவில்லை.

அக்டோபர் 29

மழை, மழை, மழை. கதவு ஊதிப்போய்ச் சாத்தவே முடியவில்லை. கிடங்கில் வெளிப் பலகைகள் எல்லாம் இருபதைத் தாண்டிவிட்டன. மேஸ்திரி ஒரு பலகைக் கட்டைக் காட்டி, "இது உள்ள இருந்ததுதான், நனையவே இல்ல" என்றார். குத்திப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். அவர் பயந்துபோய், "உடம்பு சரியில்லையா மீட்டரம்மா?" என்றார்.

வீட்டுக்கு வந்தால் கேள்வி கேட்க ஆளில்லை. எனக்கு அழுகை வந்தது. அழுதேன்.

நவம்பர் 2

தையல் கடை மாடிக்குப் போனேன். இந்த முறை கதவைத் தட்டினேன். உட்காரச் சொல்லி நாற்காலியை விட்டு எழுந்தார். நான் உட்காரவில்லை. வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். "இந்த ரூம் வேணாம், குளிர்ல இருமறீங்க. நம்ம வீட்டுக்கு வாங்க. நீங்க வேலை விட்டு வர்ற நேரத்துல நான் இருக்க மாட்டேன். தினமும் அஞ்சுலேர்ந்து ஆறு வரைக்கும் வீடு உங்களுக்கு."

"அந்த நேரத்துல நீ எங்க இருப்பே?"

"அது என் பாடு."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பி வந்துவிட்டேன்.

நவம்பர் 5

கெட்டில் மறுபடி எங்கள் அடுப்பு மேடையில் இருக்கிறது.

நவம்பர் 11

எங்கள் வீட்டுக்கு எதிரே பேருந்து நிறுத்தம். கூரை ஒழுகாத மூலையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மழை நிற்கவில்லை, முழங்கால் வரை சில்லென்று ஏறுகிறது. ஐந்தே காலுக்கு ஜன்னலில் விளக்கு எரிந்தது. பிறகு அணைந்தது. விளக்கை அணைத்துவிட்டு என்ன செய்கிறார்? தூங்குகிறாரா? யாருக்காவது போன் பேசுகிறாரா? போய்க் கேட்க நாக்கு நமநமவென்கிறது. புத்தி எங்கே போகும்!

ஆறாகிவிட்டது. எழுந்து குடையை விரித்தேன். அப்போது மறுபடி விளக்கு எரிந்தது. ஜன்னலோரமாக அவர் நாற்காலியை இழுத்துப் போடுவது தெரிந்தது. இப்போதுதான் உட்காருகிறார் போலிருக்கிறது.

குடையை மடக்கிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். இன்னும் ஒரு பேருந்து போகட்டும்.