இடையில் கொஞ்சம் அமைதி இருக்கும்

2 மார்ச் 2025, ஞாயிறு

காலையில் கார் கழுவினேன். மத்தியானம் பிரவீனா வந்தாள், செத்துப்போன என் அண்ணன் சபாபதியின் ஒரே மகள். தலைத்திவசம் முடிந்ததும் தேதி வைத்துவிட்டார்கள். ஜூனில் கல்யாணம், குளுவாங்கில் டின்னர்.

"சித்தப்பா, நீங்கதான் எம்சி. வேற யாரு?"

வாரநாளில் தொழிற்சாலை ஸ்டோர், சனி ஞாயிறில் கோட்டும் சூட்டும். வருடக்கணக்காக ஜொகூர் மாநிலம் முழுக்கக் கல்யாண டின்னர்களில் மைக் பிடித்தவன் நான். மேடை ஓரத்தில் சவுண்ட் பெட்டியோடு அண்ணன். அவர் மாரடைப்பில் போன பிறகு நான் எடுத்த முதல் டின்னர், போன நவம்பரில். "பெண்ணின் பெற்றோரை மேடைக்கு அழைக்கிறோம்" என்று சொல்ல வேண்டிய இடம். ஒன்றும் வரவில்லை. மொத்த ஹாலும் என்னையே பார்த்தது. மைக்கை மேசையில் வைத்துவிட்டுக் காருக்கு நடந்துவிட்டேன். அதற்குப் பிறகு மைக்கைத் தொடவில்லை.

பிரவீனாவிடம் என்ன சொன்னேன்? "பார்க்கலாம்மா." கோழை.

அவள் போனதும் என் மனைவி வாசுகி பிடித்துக்கொண்டாள். "கவுன்சிலிங் போங்க."

"எனக்கென்ன பைத்தியமா?"

"பைத்தியமா இருந்தா நானே பார்த்துக்குவேன். இது எனக்கு முடியல லா. அதான் போகச் சொல்றேன்."

8 மார்ச், சனி

கூலாயில் கடை வீட்டு மாடி. கவுன்சிலர் பெயர் சுகந்தினி. என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். இரண்டு நாற்காலி, ஒரு டிஷ்யூ பெட்டி. டிஷ்யூவைப் பார்த்ததும் எனக்கு ஒரு ஜோக் தோன்றியது. சொன்னேன். அவர் சிரித்தார். அவ்வளவுதான், எனக்குக் கச்சேரி களைகட்டிவிட்டது! மாப்பிள்ளை கேக்கில் விழுந்த கதை, பெந்தோங்கிலிருந்து வந்த டத்தோ பட்டக்காரர் கிளாஸைத் தூக்கி "யாம் செங்" என்று கத்தியதில் பல்செட் கழன்ற கதை, எல்லாம். நேரம் முடிந்ததும் எழுந்து, "நன்றி, வணக்கம்" என்றேன். சத்தியமாக அப்படித்தான் சொன்னேன்.

"நல்லா சிரிச்சேன், மிஸ்டர் குணா. ஆனா உங்களப் பத்தி ஒன்னுமே தெரியலையே. அடுத்த வாட்டி அந்தக் குணாவையும் கூட்டிட்டு வாங்க."

9 மார்ச், ஞாயிறு

"எப்படி இருந்துச்சு?" என்றாள் வாசுகி. "ஒரே ஆளு. ஆனா நல்ல ஆடியன்ஸ்" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

22 மார்ச், சனி

அண்ணன் இறந்த அன்று என்ன செய்தீர்கள் என்று சுகந்தினி கேட்டார். நான் மடமடவென்று சொன்னேன். கூடாரம், நாற்காலி, ஐஸ் பெட்டி. அண்ணனுடைய ஸ்பீக்கரையே வாசலில் வைத்து, மைக் பிடித்து, வந்தவர்களை வரிசைப்படுத்தி, "மூன்று மணிக்கு நல்லுடல் எடுக்கப்படும்" என்று நானே அறிவித்தேன். பிசிறில்லாமல் நடந்தது. எல்லாரும் பாராட்டினார்கள்.

"நீங்க எப்ப அழுதீங்க?"

"நேரம் இல்ல."

அவர் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. ஐயோ, அந்த அமைதி! எம்சிக்கு அமைதி என்றால் குற்றம். ஏதாவது சொல், சொல் என்று உள்ளே அடித்துக்கொள்கிறது. ஒரு ஜோக்கும் அகப்படவில்லை. அந்தப் பெண்ணும் உதவிக்கு வரவில்லை.

அழுதேன். மூக்கு ஒழுக, தேம்பித் தேம்பி, சின்னப் பிள்ளை மாதிரி. டிஷ்யூ பெட்டி பாதி காலி.

23 மார்ச், ஞாயிறு

தலைவலி. கண் வீக்கம். இதற்குத்தான் கூலாய் வரை போனேனா?

5 ஏப்ரல், சனி

போகவில்லை. அழுதா செத்தவர் எந்திரிச்சு வந்துருவாரா? இந்தப் பொண்ணுக்கு என்ன தெரியும் எங்கண்ணனப் பத்தி? சும்மா கிண்டிக் கிண்டி... போதும்.

வாசுகி சத்தம் போடவில்லை. துணி மடித்துக்கொண்டே சொன்னாள். "வீட்டுல நீங்க பேசுறதெல்லாம் அறிவிப்புதாங்க. சாப்பாடு ரெடியா, கார் சாவி எங்க. உங்கண்ணன் இறந்தப்பகூட எனக்கு அறிவிப்புதான் வந்துச்சு. எனக்கும் அவரு அண்ணன் மாதிரிதானே?"

ஒரு சட்டையை எடுத்து நானும் மடித்தேன்.

19 ஏப்ரல், சனி

போனேன். போன தடவை வராததற்கான காரணத்தையும் மறைக்காமல் சொன்னேன், உங்கள் மேல் கோபம் என்று. "சொன்னதுக்கு நன்றி" என்றார் சுகந்தினி. முகம் சுளிக்கவில்லை.

பிறகு சாதாரணமாகத்தான் கேட்டார். "மேடையில நீங்க மூச்சு வாங்குறப்ப என்ன நடக்கும்?"

"அண்ணன் மியூசிக் போடுவாரு."

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. ஒவ்வொரு அழைப்புக்கும் முன்னால் நான் நிறுத்துவேன். அண்ணன் ஒரு நாதஸ்வரத் துண்டைத் தட்டிவிடுவார். அது அடங்கும் இடத்தில் நான் பேரைச் சொல்லுவேன். நாங்கள் பேசி வைத்துக்கொண்டதில்லை. பழக்கம். நவம்பரிலும் அப்படித்தான் நிறுத்தியிருக்கிறேன். ஹால்காரன் சவுண்ட் பெட்டியில் யாரோ. மியூசிக் வரவில்லை.

எனக்கு மறதி இல்லை. மண்டையில் கோளாறும் இல்லை. அண்ணனுக்காகக் காத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்!

"அப்ப இனிமே அந்த இடத்துல என்ன செய்யறது?" என்றேன்.

"எனக்கெப்படித் தெரியும்? நீங்கதானே எம்சி" என்று சிரித்தார்.

காரில் ஏறியதும் பிரவீனாவுக்குப் போன் அடித்தேன். "சித்தப்பா வரேன்மா."

வீட்டுக்கு வந்து வாசுகியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அறிவிப்பாக இல்லை. அவளும் அழுதாள். தேத்தண்ணி ஆறிப்போனது.

11 மே, ஞாயிறு

அண்ணி வீட்டில் டின்னர் பேச்சு. பெண்ணின் பெற்றோர் இடத்தில் நானும் வாசுகியும் நிற்க வேண்டுமாம். அண்ணி செல்வராணியின் தமையன் அய்யாவு சொன்னார். "தாலி அறுத்தவ மேடையில நின்னா நல்லாவா இருக்கும்?" அண்ணியே, "நான் கீழயே உக்காந்துக்கிறேன் தம்பி" என்றார். பிரவீனா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முன்பு என்றால் ஒரு ஜோக் அடித்து நழுவியிருப்பேன். அது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"மச்சான், நீங்க சொன்னது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு. எங்கண்ணன் பொண்டாட்டி கீழ உக்காந்தா, அவங்க எடத்துல நான் மேடை ஏற மாட்டேன்."

அய்யாவு வாயைப் பிளந்தார். "வருத்தமா? உனக்கா?"

ஆமாம். எனக்குத்தான்.

8 ஜூன், ஞாயிறு

நேற்று டின்னர். ஹால் நிறைந்த கூட்டம். மேடை ஏறுவேன் என்றோ மாட்டேன் என்றோ அண்ணி கடைசி வரை சொல்லவில்லை. அடுப்படிப் பக்கம் ஓர் ஓர மேசையில் உட்கார்ந்திருந்தார்.

அந்த இடம் வந்தது. நிறுத்தினேன். மியூசிக் வரவில்லை. வராது என்று இந்தத் தடவை எனக்குத் தெரியும்.

"இந்த எடத்துல எப்பவும் எங்கண்ணன் மியூசிக் போடுவாரு" என்றேன். குரல் உடைந்தது, உடையட்டும் என்று விட்டேன். "இன்னைக்கு அவரு இல்ல. கொஞ்ச நேரம் சும்மா இருப்போம்."

கரண்டிச் சத்தம்கூட நின்றது. நான் அதை நிரப்பவில்லை. மைக்கோடு அந்த அமைதியில் நின்றேன். கண்ணீர் ஓடியது. ஓடவில்லை நான்!

பிறகு என் முழுத் தொண்டையில் கூப்பிட்டேன். "மணப்பெண்ணின் தந்தை அமரர் சபாபதி. தாயார் செல்வராணி. அண்ணி, மேடைக்கு வாங்க."

அண்ணி எழுந்தார். பாதி வழி வரை பிரவீனாவே இறங்கி ஓடினாள். முதலில் எழுந்து கைதட்டியது யார்? அய்யாவு! அப்புறம் ஹால் மொத்தமும். அலமாக், அந்தச் சத்தம்! கேக் வெட்டும்போது அண்ணி கத்தியைப் பிடித்திருந்தார், மகள் கைமேல் கை வைத்து.

ஜெயிச்சிட்டோம் அண்ணே.

28 ஜூன், சனி

பெக்கான் நானாஸிலிருந்து ஒருவர் போன் செய்தார். குளுவாங் டின்னருக்கு வந்திருந்த யாரோ நம்பர் கொடுத்தார்களாம். சின்ன மகளுக்குக் கல்யாணம்.

"வரேங்க. ஆனா இடையில கொஞ்சம் அமைதி இருக்கும், பரவாயில்லையா?"

"ஐயோ, ரொம்ப நல்லதுங்க! மூத்தவ கல்யாணத்துக்கு ஹால்காரங்க ஒரு ஆளக் கூட்டியாந்தாங்க, மூச்சே விடல. ஒரு வாய் சாப்பிட விடல. எப்பப் பார்த்தாலும் ஜோக்கு, நடுவுல நாதஸ்வரம்!"

எந்த ஹால் என்று கேட்டேன். சொன்னார். நானும் அண்ணனும் போன ஹால்தான். பக்கத்தில் இருந்த வாசுகிக்கும் கேட்டுவிட்டது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"அவரு நீங்க இல்லையே?" என்றார் அந்த மனிதர், சந்தேகத்தோடு.

"இல்லைங்க" என்றேன். "அந்த ஆளு இப்ப வர்றதில்ல."